பால் வீடுகள்

பர்கண்டி என்றதும் பலருக்கும் திராட்சைத் தோட்டமும் ஒயினும்தான் நினைவுக்கு வரும். அதே பர்கண்டியின் நடுவே திராட்சை விளையாத ஒரு மலைக்காடு இருக்கிறது. பெயர் மோர்வான். பாரிசிலிருந்து தென்கிழக்கே காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கருங்கல் பாறையின்மேல் மெல்லிய மண், நீண்ட குளிர்காலம், நிறைய மழை. மிக உயரமான இடமே 901 மீட்டர்தான். நிலத்தில் ஏறத்தாழ பாதி காடு. மீதியில் வெள்ளை மாடுகள் மேய்கின்றன. “மோர்வானிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல மனிதரும் வரமாட்டார்” என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பழமொழியே உண்டாம். அதைச் சொல்லிச் சிரித்தவர் மோர்வான்காரர்தான்: எங்கள் நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தோழி.

சென்ற ஆண்டு அக்டோபரில் வேலை நிமித்தம் இரண்டு வாரம் பாரிசில் இருந்தேன். நடுவில் வந்த சனி, ஞாயிறில் தோழி தம் தாயாரைப் பார்க்கப் போனார். என்னையும் அழைத்துப் போனார். ஐபெல் கோபுரம் பார்க்க வேண்டிய நாளில் காட்டுக்குள் ஒரு கிராமத்துக்கா என்று சிங்கப்பூரிலிருந்து கணவர் கேலி செய்தார். எங்கள் ஐந்து வயது மகள் தொலைபேசியில், “அங்க கரடி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். கரடி இல்லை. ஆனால் அந்தக் காட்டுக்குள் நான் கேட்ட கதை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் ஊர் அலினி ஆன் மோர்வான். மக்கள்தொகை ஏறத்தாழ 600. நம் வீவக புளோக்குகளில் இரண்டை எடுத்துக்கொண்டால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஒரு தேவாலயம், பள்ளி, ஊராட்சி மன்றம், சரிவில் சாம்பல் நிறக் கல்வீடுகள். இலையுதிர் காலம் என்பதால் காடு செம்பும் மஞ்சளுமாக இருந்தது. பாதையெல்லாம் கஷ்கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. பார்க்க அழகான, அமைதியான ஊர். இவ்வளவு சிறிய ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்றதும் வியப்பாக இருந்தது. எதைப் பற்றி என்று கேட்டேன். “பால் கொடுத்த பெண்களைப் பற்றி” என்றார் தோழி.

கதையை விறகிலிருந்து தொடங்க வேண்டும். பாரிஸ் நகரம் பல நூற்றாண்டுகள் குளிர் காய்ந்தது மோர்வான் விறகில்தான். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே வெட்டிய மரக்கட்டைகளைச் சிற்றாறுகளில் தள்ளிவிடுவார்கள். அவை க்யூர், யோன் ஆறுகளில் மிதந்து க்ளாம்சி போன்ற ஊர்களுக்கு வந்து சேரும். அங்கே அவற்றைச் சேர்த்துக் கட்டி, சுமார் 75 மீட்டர் நீளத் தெப்பங்களாக்கி, சேன் நதி வழியே பாரிசுக்குக் கொண்டுபோவார்கள். ஆயிரக்கணக்கான கட்டைகள் ஒன்றாக மிதக்கும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காக ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சுத்தியலால் உரிமையாளரின் முத்திரையை அடித்துவிடுவார்கள். இந்த முத்திரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் ரயிலும் நிலக்கரியும் வந்தன. விறகுத் தொழில் படுத்தது. சிறு நிலம், ஒன்றிரண்டு மாடு, நிறைய பிள்ளைகள் என்று இருந்த குடும்பங்களிடம் விற்பதற்கு வேறு என்ன இருந்தது? தாய்ப்பால் இருந்தது.

பாரிசின் வசதி படைத்த வீடுகளில் பெற்றவளே பாலூட்டும் வழக்கம் அன்று குறைவு. கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கோ பாலூட்ட நேரம் கிடையாது. புட்டிப்பாலை நம்ப முடியாது. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கும் முறை பரவாத காலம். ஆகவே பால்தாய்க்குத் தேவை இருந்தது. மோர்வான் பெண்கள் திடகாத்திரமானவர்கள், நல்ல பால் உள்ளவர்கள் என்று பெயர் பரவியது. இதில் இரண்டு வகை. பாரிஸ் குழந்தையைத் தன் கிராமத்துக்குக் கொண்டுவந்து வளர்ப்பவர்கள் ஒரு வகை. பாரிசுக்கே போய், பணக்கார வீட்டில் தங்கிப் பாலூட்டுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குத்தான் சம்பளம் அதிகம்.

பெண்களைத் திரட்டிக்கொண்டு போக முகவர்கள் இருந்தார்கள். பாரிசில் பால்தாய்களுக்கென்றே வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இருந்தன. அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். மருத்துவர் பல்லைப் பார்ப்பார், பாலைச் சோதிப்பார். தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்கு நல்ல உணவு, நல்ல உடை, வேலைக்காரர்களில் முதல் மரியாதை. பெரிய மேலங்கியும், முதுகில் தொங்கும் நீண்ட ரிப்பன்கள் வைத்த குல்லாயுமாக அவள் பாரிஸ் பூங்காக்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அந்த ரிப்பனைப் பார்த்தே அது எவ்வளவு வசதியான வீடு என்று ஊர் பேசும். ஆனால் கணவன் வந்து பார்க்கக்கூடாது. அவள் மீண்டும் கருவுற்றால் பால் கெட்டுவிடும் என்ற பயம். நம் ஊரில் இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமா என்றும் பார்க்கிறார்கள் என்பது அந்த இடத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்துப் பால்தாய் ஒருத்தியை நீங்களும் ஓவியத்தில் பார்த்திருக்கலாம். பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியர், தம் மகள் ஜூலிக்கு ஒரு பால்தாய் பாலூட்டுவதை 1880 வாக்கில் வரைந்திருக்கிறார். பச்சைப் புல்வெளி, வெள்ளை உடை, மார்போடு அணைந்த குழந்தை. தோழி கைப்பேசியில் அந்த ஓவியத்தைக் காட்டினார். முதலில் அழகான தாயும் சேயும் என்றுதான் தோன்றும். பிறகுதான் புரியும்: தாய், தூரிகையோடு படத்துக்கு வெளியே நிற்கிறார். இரண்டு பெண்களுமே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்குப் போகிற யாருக்கும் அந்த ஓவியம் சட்டென்று பழகியதாகிவிடும். எனக்கும் அப்படித்தான். ஆனால் பாலூட்டுகிற அந்தப் பெண்ணின் குழந்தை எங்கே இருந்தது என்று ஓவியம் சொல்வதில்லை.

மோர்வானில் அதைக் கேட்ட ஒருவர் இருந்தார். அலினிக்கு அருகிலுள்ள மோன்சோஷ் என்ற ஊரின் மருத்துவர், சார்ல் மோனோ. 1860களில் அவர் தம் வட்டாரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். பிள்ளை பெற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாரிசுக்குப் பால்தாயாகப் போயிருந்தார்கள். ஊரில் விடப்பட்ட சிசுக்கள் பாட்டியிடமும் அக்கம்பக்கத்திலும் பசும்பாலும் கஞ்சியும் குடித்து வளர்ந்தன; பல இறந்தன. பாரிசிலிருந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்ட சிசுக்களும் ஏராளமாக இறந்தன. இதையெல்லாம் அவர் 1867ல் புத்தகமாக வெளியிட்டார்.

இப்படிப்பட்ட ஆய்வுகளின் பலனாக 1874 டிசம்பர் 23ஆம் நாள் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவரும் அரசியல்வாதியுமான தியோஃபில் ரூசெலின் பெயரால் அதை ரூசெல் சட்டம் என்கிறார்கள். சம்பளத்துக்கு வெளியில் வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லாரையும் அது அரசாங்கக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு என்னை நிறுத்தி வைத்தது. பணக்கார வீட்டில் தங்கிப் பாலூட்டப் போகும் பெண், தன் ஊர்த் தலைவரிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். உன் கடைசிக் குழந்தை உயிரோடு இருக்கிறதா? ஏழு மாதம் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் அதற்கு வேறொரு பெண் பாலூட்டுகிறாளா? இந்த மூன்றுக்கும் பதில் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

சட்டத்தை எல்லாரும் ஒழுங்காகப் பின்பற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசாங்கம் வேலைக்குப் போகும் பெண்ணிடம், “நீ விட்டுப் போகிற குழந்தையின் கதி என்ன?” என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறது. முகவையின் மேசையில் நாங்கள் நிரப்பிய படிவங்களை நினைத்துப் பார்த்தேன். எங்கள் பணிப்பெண்ணின் சமையல் அனுபவம், மொழி, உயரம், எடை, ஒவ்வாமை எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் எத்தனை என்றும் ஒரு கட்டம் இருந்தது. “1” என்று எழுதியிருந்தது.

அன்று மதியம் தோழியின் தாயார் வீட்டில் சாப்பாடு. கிராப்பியோ என்ற தடிமனான தோசை போன்ற பலகாரம். பன்றிக்கொழுப்பில் சுடுவது வழக்கமாம். எனக்காக வெண்ணெயில் சுட்டுத் தந்தார். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தோழி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

அந்த வீடே ஒரு பால் வீடு. மோர்வானில் அப்படித்தான் சொல்கிறார்கள். பாரிசில் பாலூட்டிச் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகளுக்குப் பால் வீடுகள் என்று பெயர். வைக்கோல் வேய்ந்த பழைய குடிசைகளின் நடுவே ஸ்லேட் கூரையும் அகலமான சன்னல்களுமாக அவை தனித்துத் தெரியுமாம். இதைக் கட்டியவர் அந்த அம்மாவின் கொள்ளுப்பாட்டி. அவர் சுவரிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். 1890ல் பாரிஸ் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. ரிப்பன் குல்லாய் அணிந்த இளம்பெண், மடியில் லேஸ் கவுன் போட்ட கொழுகொழுவென்ற குழந்தை.

“இது யார் குழந்தை?” என்றேன்.

“பாரிஸ் குழந்தை. பெயர்கூட எங்களுக்குத் தெரியும்” என்றார். பிறகு இன்னொரு படத்தைக் காட்டினார். சீருடையில் ஓர் இளைஞர். “இவர் என் தாத்தா, அந்தப் பெண்ணின் மகன். இதுதான் அவருடைய முதல் படம். 1914ல் போருக்குப் போகும்போது எடுத்தது.”

அந்தத் தாத்தாவை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறுமியாக இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்து கேட்ட கதையையும் சொன்னார். அவருக்கு ஏழு மாதம் முடிந்ததும் தாய் பாரிசுக்குப் போனார். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, ரிப்பன் குல்லாய் வைத்த அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயந்து பாட்டியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். குடும்பத்தில் அதை வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரிப்பார்களாம். “தாத்தாவும் சிரிப்பார்” என்றார் அந்த அம்மா. “ஆனால் கடைசிவரை தம் பாட்டியைத்தான் அம்மா என்று சொன்னார்.”

உங்கள் கொள்ளுப்பாட்டிமேல் கோபமா என்று கேட்டேன். அவர் கூரையைக் கைகாட்டினார். “இந்த ஸ்லேட் அவர் போட்டது. எழுபது வருடமாக இதன் கீழ்தான் தூங்குகிறேன். நான் எப்படிக் கோபப்படுவது?”

நம் சங்க இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி வீட்டைவிட்டுப் போனதும் அழுது புலம்பித் தேடிப் போகிறவள் செவிலி. அந்தச் செவிலியின் மகள்தான் தலைவியின் உயிர்த்தோழி. பள்ளியில் தமிழாசிரியர் நடத்தியபோது மனப்பாடம் செய்ததோடு சரி. மோர்வானில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதில் ஒன்று உறைத்தது. நம் செவிலியின் மகள் அதே வீட்டில், அம்மாவின் கண்முன்னே வளர்ந்தாள். தலைவியோடு சேர்ந்து விளையாடினாள். மோர்வான் செவிலியின் மகன் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பசும்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

கதையின் மூன்றாம் பகுதி இன்னும் விசித்திரம். விறகும் பாலும் பாரிசுக்குப் போயின என்றால், பாரிசிலிருந்து மோர்வானுக்கு வந்தவை கைவிடப்பட்ட குழந்தைகள். பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றவளால் வளர்க்க முடியாத குழந்தைகளை அரசாங்கத்தின் பொது உதவித் துறை ஏற்று, கிராமத்துக் குடும்பங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வளர்க்கக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படி மோர்வானுக்கு வந்தார்கள். ஊரார் அவர்களை “குட்டிப் பாரிஸ்” என்று அழைத்தார்கள். தோழியின் வீட்டிலும் பிற்பாடு இரண்டு குட்டிப் பாரிஸ்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

அலினி அருங்காட்சியகம் 2016ல் திறக்கப்பட்டது. பால்தாய்களுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அமைத்தது. பொது உதவித் துறையின் சின்னஞ்சிறு பிள்ளைகள் கழுத்தில் ஒரு மாலை அணிந்திருப்பார்களாம். எலும்பு மணிகள் கோத்த மாலை, அதில் பதிவு எண் பொறித்த பதக்கம். குழந்தை மாறிப் போய்விடக்கூடாது, இறந்துபோனதை மறைத்து வேறொன்றைக் காட்டிச் சம்பளம் வாங்கிவிடக்கூடாது என்பதற்காக அதைக் கழற்ற முடியாதபடி பூட்டி வைப்பார்கள். அதைக் கேட்டபோது மரக்கட்டை முனையில் அடித்த முத்திரைதான் நினைவுக்கு வந்தது. தோழியிடம் சொன்னேன். “இங்கே எல்லாருக்கும் அது தோன்றும்” என்றார்.

அந்த எண் அணிந்த பிள்ளைகள் எல்லாரும் துன்பப்பட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்துக்காக எடுத்து, வேலை வாங்கி, மாட்டுத் தொழுவத்தில் தூங்கவைத்த குடும்பங்களும் இருந்தன. பதின்மூன்று வயதில் சம்பளம் நின்ற பிறகும் பிள்ளையைப் போக விடாமல், தன் வீட்டிலேயே கல்யாணம் செய்துவைத்துக் கடைசிவரை வைத்துக்கொண்ட குடும்பங்களும் இருந்தன. மோர்வானில் பலர் இன்று தங்கள் குடும்ப மரத்தைத் தேடினால் ஏதோ ஒரு கிளையில் பாரிஸ் அனாதை ஒருவர் இருப்பார்.

இவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. பின்னாளில் நாடகாசிரியராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட ழான் ஜெனே. 1910 டிசம்பரில் பாரிசில் பிறந்தார். தாய் தனியாள், குழந்தைக்கு ஏழு மாதமானபோது பொது உதவித் துறையிடம் ஒப்படைத்துவிட்டார். அதே ஏழு மாதம். அலினியில் தச்சர் ஒருவரின் வீட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தார். வளர்ப்புத்தாய் அவரைச் செல்லமாகவே வளர்த்தார். 1922ல் அந்த வளர்ப்புத்தாய் இறந்தார். மறு ஆண்டு ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வில் ஜெனே ஊரிலேயே முதலாவதாக வந்தார். 1924ல் அச்சுத்தொழில் பழக பாரிசுக்கு அருகே அனுப்பினார்கள். சில நாளிலேயே ஓடிப்போனார். பிறகு சீர்திருத்தப் பள்ளி, திருட்டு, சிறை, எழுத்து. பொது உதவித் துறையின் கணக்குப்படி எல்லாம் முறையாகவே நடந்தது. வளர்ப்புத்தாய்க்கு மாதாமாதம் சம்பளம் போனது. பதின்மூன்று வருட வீட்டை ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வதற்குத்தான் அந்தக் கணக்கில் கட்டம் இல்லை.

மாலையில் காட்டுக்குள் நடந்தோம். ஒரு பக்கம் பழைய ஓக், பீச் காடு. கீழே பெரணியும் காளானுமாக ஈரம். இன்னொரு பக்கம் இராணுவ அணிவகுப்பு போல வரிசை வரிசையாக ஊசியிலை மரங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சீக்கிரம் வளர்ந்து பணம் தரும் டக்ளஸ் மரங்களை இங்கே பெருமளவில் நட்டார்கள். பிரான்சின் முக்கியமான கிறிஸ்துமஸ் மரத் தோட்டங்களும் இந்தப் பகுதியில்தான். ஒரு சரிவு முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிடுகிறார்கள் என்று தோழி வருத்தப்பட்டார். அதைத் தாங்காமல், மக்கள் கூட்டாகப் பணம் போட்டுப் பழைய காடுகளைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றுகிறார்களாம். “பாரிசுக்குத் தேவை இருக்கும்வரை மோர்வான் எதையாவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்” என்றார்.

என் குடும்பத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, நெற்றியில் விளக்கோடு நிரைக்குப் போய்விடுவார். கொட்டகையில் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மரம் வெட்ட முடியாத வயதான ஓர் ஆயா அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். அந்தத் தொட்டில்களில் ஒன்றில் வளர்ந்தவர்தான் என் அம்மா. மதியம் பாட்டி திரும்பி வந்துவிடுவார் என்பது பெரிய வித்தியாசம். தூரம் சில மைல்தான்.

எங்கள் மகளைப் பார்த்துக்கொள்பவர் மத்திய ஜாவாவிலிருந்து வந்தவர். மகள் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து எங்களோடு இருக்கிறார். மகள் அவரை அக்கா என்பாள். சிங்கப்பூரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற எத்தனையோ தாய்மார்கள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க முடியாது. வீட்டில் சிறு பிள்ளை இருப்பதால் தீர்வையும் மாதம் 60 வெள்ளிதான். ஓய்வு நாள் உண்டு, தனி அறை உண்டு. நாங்கள் நல்லபடியாகவே நடந்துகொள்கிறோம் என்று நம்புகிறேன். அவரும் அப்படித்தான் சொல்வார். இருந்தாலும் ஊர் திரும்பியதும், மோர்வானில் எடுத்த படங்களை அவரிடம் காட்டத் தோன்றியது.

ஸ்லேட் கூரை போட்ட அந்த வீட்டைக் காட்டி, அது எப்படிக் கட்டப்பட்டது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே தம் கைப்பேசியை எடுத்தார். அதில் ஒரு வீடு. செங்கல் சுவர், புது ஓட்டுக் கூரை, இன்னும் பூசாத முன்பக்கம். ஐந்து வருடமாக மாதாமாதம் அனுப்பியது. “கூரை போன வருடம் முடிந்தது, மேடம். சமையலறை மட்டும் பாக்கி.”

“மகன் உங்களைப் பார்த்து வெட்கப்படுவானா?” என்று கேட்டேன். தாத்தா ஒளிந்துகொண்ட கதையைச் சொல்லியிருந்தேன்.

“வெட்கமா! போனதும் என்ன போன் வாங்கி வந்தீங்கன்னுதான் கேட்பான்” என்று சிரித்தார். பிறகு துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “இப்போ பத்து வயசு. நடுநிலைப் பள்ளிக்குப் போறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். அதுக்கு அப்புறம் போனா அவன் வளர்ந்துடுவான்.”

அவர் கணக்கு தெளிவாக இருந்தது. இன்னும் ஓர் ஒப்பந்தம், இரண்டு வருடம். என் கணக்கு வேறு. மகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிக்குப் போவாள். அப்போதுதான் அவர் ரொம்பத் தேவை என்று நானும் கணவரும் எப்போதும் பேசிக்கொள்வோம். அன்று இரவு நாங்கள் நெடுநேரம் பேசினோம். சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் இன்னும் இரண்டு வருடம் இருப்பாரோ என்றார் கணவர். இருப்பார், அதுதான் எனக்குப் பயம் என்றேன். சமையலறைக்குப் பிறகு முன்பக்கப் பூச்சு, பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு மகனின் படிப்பு. பணத்துக்கான தேவை ஒரு வீட்டில் தீருவதே இல்லை. அந்தத் தேவையைக் காட்டி ஒரு தாயை இழுத்துவைப்பது ரொம்ப எளிது. மோர்வானில் சில பெண்கள் ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மீண்டும் மீண்டும் பாரிசுக்குப் போனது அப்படித்தான்.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். இது கடைசி ஒப்பந்தம் என்று மூவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்வது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்த ஊர் விடுப்பை ஆண்டுதோறும் ஆக்குவது. டிக்கெட் எங்கள் செலவு. அந்த வாரங்களில் நானோ கணவரோ விடுப்பு எடுப்பது. மகளைப் பள்ளிக்குப் பிந்திய பராமரிப்பு நிலையத்தில் சேர்க்க இப்போதே பெயர் கொடுப்பது. இது தியாகம் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் சம்பாதிக்கிறோம், எங்களால் முடியும். முடியாத குடும்பங்களும் இருக்கின்றன. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு சம்பளத்தில் பணிப்பெண் வைத்திருப்பவர்களிடம் போய் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1874ல் அந்தச் சட்டம் கேட்ட கேள்வியை யாரும் கேட்கலாம். அதற்குச் செலவு இல்லை. உன் பிள்ளை எப்படி இருக்கிறான்? அவனுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?

மகளிடமும் சொல்லிவிட்டோம். அக்காவுக்கு ஊரில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கும் அம்மா வேணும் என்று. அவளுக்கு அழுகை வந்தது. வரத்தான் செய்யும். அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு காலையும் தலை வாரி விடுபவர் அவர். அந்த அழுகையைத் தவிர்க்க முடியாது. தயார்படுத்த இரண்டு வருடம் இருக்கிறது.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வரவேற்பறையில் ஜாவா வீட்டுச் சமையலறை பற்றிய பேச்சு ஓடுகிறது. அடுப்படிச் சுவருக்கு வெள்ளை ஓடு போடுவதா, பச்சையா? வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்றேன் நான். பாட்டிக்கு வெள்ளைதான் பிடிக்குமாம். கைப்பேசித் திரையில் அந்தப் பையன் தன் அம்மாவிடம் நீண்ட நேரம் வாதாடினான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத மொழியில் நடந்த சண்டையை ரசித்துக்கொண்டிருந்தாள். பச்சை என்று முடிவாகியிருக்கிறது. ஜூனில் அவர் ஊருக்குப் போகும்போது ஓடு ஒட்டும் வேலை நடக்கும். கொத்தனாருக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுப்பது தன் வேலை என்று பையன் இப்போதே சொல்லிவிட்டான்.